கேட்கிறவள்

வெங்காயம் நறுக்கும்போதுதான் அவளுக்குப் பல்லவி வரும். பலகையில் கத்தி தாளம் போட, "தன்னன்னா தானனன்னா" என்று தத்தகாரத்தை முணுமுணுத்தபடி சொற்களை ஒவ்வொன்றாக அதில் உட்கார்த்திப் பார்ப்பாள். உட்காராத சொல்லுக்கு வசவு நிச்சயம். "அடங்குதா பாரு, சனியன்!"

ஐம்பதை நெருங்கும் இந்தப் பாட்டுக்காரி எழுதுவதெல்லாம் ஆட்டப்பாட்டு. ஒருத்தி ஒருவனைப் பார்க்கிறாள், பிடித்துப்போகிறது, அதை மறைக்காமல் சொல்கிறாள். நிலாவுக்கும் பூவுக்கும் அங்கே இடமில்லை. தோள், பிடரி, வியர்வை, குதிகால் எல்லாம் உண்டு. 'உன் பார்வை பட்டால் போதும்' என்று ஒரு வரி வைக்கச் சொன்ன இசையமைப்பாளரிடம், "போதும்னு நினைக்கிறவ எதுக்குங்க ஆடணும்? போய்த் தூங்கலாமே" என்றுவிட்டாள்.

பாட்டில் இருந்த அந்த வாய், வீட்டில் போன வருடத்தோடு அடைத்துப்போனது. புற்று என்று இடது மார்பை எடுத்தார்கள். பிழைத்து வந்தாள். தூக்கத்தில் கைகால் பட்டு வலித்துவிடுமோ என்று கணவர் அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். புண் ஆறியது; அவர் திரும்பி வரவில்லை. தன்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டாள். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் வரி கொடுத்தவளுக்கு, அவரிடம் கேட்க நா எழவில்லை.

கணவர்தான் அவள் பாட்டுகளுக்கு ஒலிப்பதிவாளர். போன வாரம் பதிவுக்கூடத்தில், புதிதாகப் பாட வந்த பெண் ஒரே வரியில் திரும்பத் திரும்பத் தடுக்கினாள்.

"கிட்ட வா, கேக்கறது நானு, கூச்சம் ஏன்டா உனக்கு?"

"அக்கா, இது கெஞ்சற மாதிரியா, மிரட்டற மாதிரியா?"

"ரெண்டும் இல்லம்மா. கெஞ்சினா பிச்சை, மிரட்டினா வம்பு. எனக்கு வேணும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லணும்."

"வர மாட்டேங்குதே. நீங்களே ஒரு தடவை பாடிக் காட்டுங்களேன்."

மைக்கின் முன் போய் நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் கணவர் தாளத்தை ஓடவிட்டார். அவள் அவரைப் பார்த்தே பாடினாள். குரல் கரகரத்தது. கண் மட்டும் அசையவில்லை. வரி முடிந்து வெகுநேரம் வெறும் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் தண்ணீர் குடிக்க வெளியே போனாள். இவள் கதவைத் தள்ளிக்கொண்டு கணவரின் அறைக்குள் வந்தாள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றார், தலை நிமிராமல்.

"நான் பாட்டைப் பத்திக் கேக்கலைங்க."

அவர் தாளத்தை நிறுத்தினார். பிறகு, "உனக்கு வலிக்குமோன்னு பயம். அப்புறம் எப்படி வர்றதுன்னு தெரியல" என்றார்.

"அது எப்பவோ ஆறிடுச்சு."

ஒலிப்பதிவுப் பலகையின் பொத்தான்கள் மேல் கிடந்த அவருடைய கையை எடுத்தாள். தைத்த இடத்தின் மேல் அதை வைத்து, தன் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.