கிச்சிலி ராட்சசன்

பியாட்ரிஸ் டீச்சரின் வாய் ஓய்ந்து ஜீவனஹள்ளியில் யாரும் பார்த்ததில்லை. பள்ளியில் தமிழ் மீடியத்தில் அறிவியல் பாடம் எடுத்தவர். பிள்ளைகள் குறைந்து அந்தப் பிரிவையே மூடியபோது வீட்டில் உட்காராமல், ஒரு கோளரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்குத் தமிழில் விளக்கம் சொல்லப் போய்விட்டார்.

கணவர் சிரில் ஆறடி ஆள். கோயில் பாட்டுக்குழுவில் அவர் அடிக்குரல் எடுத்தால் பெஞ்சு அதிரும். அப்பேர்ப்பட்ட மனுஷன் பல மாதங்களாக வாசல் தாண்டவில்லை. வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒரு ஞானஸ்நான விருந்தில் பிரியாணித் தட்டு நழுவி விழ, சுற்றி இருந்தவர்கள் ஐயோ பாவம் என்று பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவரால் செரிக்க முடியவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, வெளியே போய் நாலு பேரோடு பழகவும் சொன்னார். சிரில் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார். மனுஷன் இப்படியே முடங்கிவிடுவாரோ என்று டீச்சர் பயந்தார். கெஞ்சினார், திட்டினார், ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சர் வெங்காயம் உரித்துக்கொண்டே மறுநாள் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார். "வெறும் கண்ணுக்கு ஒரே நட்சத்திரம். தொலைநோக்கியில பார்த்தா ரெண்டு. பெரியவர் வயசாகி, ஊதிப் பெருத்து, சூடு தணிஞ்ச கிச்சிலி ராட்சசன். கூடவே சின்னதா ஒரு நீல நட்சத்திரம். ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டே இருக்கும்."

"கிச்சிலின்னா எந்தப் பிள்ளைக்குப் புரியும்?" என்றார் சிரில். "ஆரஞ்சுன்னு சொல்லு."

"எங்கம்மா கிச்சிலின்னுதான் சொல்லும். கன்னடத்துலயும் கித்தளேதானே?"

"இப்போ வர்றதெல்லாம் மதுரை, நெல்லைப் பக்கத்து ஐடிக்காரங்க பிள்ளைங்க. சிரிக்கும்."

"வந்து பாருங்க. சிரிச்சா மாத்திக்கிறேன்."

தான் சொன்னது சரி என்று நிரூபிக்க சிரில் நரகத்துக்கும் போவார். கோளரங்கம் பக்கம்தான். போதாக்குறைக்கு உள்ளே இருட்டு. மறுநாள் வலது கையைப் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

கூரையெல்லாம் வானம் விரிந்தது. "இவர்தான் கிச்சிலி ராட்சசன்" என்றார் டீச்சர்.

"கிச்சுக்கிச்சு ராட்சசனா?" என்றது ஒரு சின்னக் குரல். அரங்கமே சிரித்தது. எல்லாச் சிரிப்புக்கும் அடியில் ஒரு சிரிப்பு பெஞ்சை அதிர வைத்தது. இத்தனை மாதம் கேட்காத சிரிப்பு. தோற்றதில் டீச்சருக்கு அத்தனை சந்தோஷம்.

காட்சி முடிந்து விளக்குகள் எரிந்தன. கேலி செய்த அதே சிறுமி கிருத்திகா எழுந்தாள். "மிஸ், கிச்சுக்கிச்சு ராட்சசன் செத்துட்டா அந்தக் குட்டி நட்சத்திரம் என்ன பண்ணும்?"

பதில் டீச்சருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அவர் கண் சிரில் பக்கம் போனது. மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

"நான் சொல்றேன் கண்ணு." சிரில் எழுந்துவிட்டார். பேச்சு மும்முரத்தில் வலது கை பையை விட்டு வெளியே வந்து, விரலால் அளவு காட்டியது. "ராட்சசன் சுருங்கி இத்தனூண்டு ஆயிடுவான். ஆனா அங்கேயே இருப்பான். அந்தக் குட்டியம்மா எங்கேயும் போகாது. அவனைத் திட்டிக்கிட்டே சுத்தும்."

கை ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். கிருத்திகாவும் அதையே உற்றுப் பார்த்தாள்.

"அப்போ அவன் இப்படித்தான் மினுங்குவானா, தாத்தா?"

சிரில் தன் கையைப் பார்த்தார். பிறகு அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, "ஆமா கண்ணு, இப்படியேதான்" என்றார்.