தோணிக்கு எந்த டி?

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோணிகளின் மூக்கில் பெயர் எழுதும் பெயின்டராக ஆரம்பித்தேன். அப்புறம் பேட்டரிக் கடை, மோட்டார் காயில் கட்டும் பட்டறை. இன்றைக்கு, தோணியின் அடியில் சேரும் தண்ணீரைத் தானாக இறைக்கும் பம்புக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிற கம்பெனி. எல்லாம் இந்த ரெண்டு கையால். போர்டுக்குள் ஓடும் சி புரோகிராம் மட்டும் என் வேலை இல்லை. ஆனால் அதிலும் ஒரு எழுத்து என்னுடையது.

அன்றைக்கு, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றி நின்ற தோணிக்கு மத்தியானத்துக்குள் போர்டு கொடுக்கவேண்டும். எங்கள் எஞ்சினியர், நாசரேத்து ஊர்ப் பொம்பளைப்பிள்ளை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். சின்ன வள்ளத்துக்கும் பெரிய தோணிக்கும் ஒரே புரோகிராம்தான். எந்தப் பெயரைச் சொல்லி கம்பைல் செய்து போர்டுக்குப் புரியும்படி மாற்றுகிறோமோ அதற்குரிய பகுதி மட்டும் உள்ளே போகும். தோணிப் பெயரைக் கொடுத்தால், இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் எரர். 'பம்ப் ஓடும் நேரம்' என்ற ஒன்றை அறிவிக்கவே இல்லையாம்.

"நாப்பதாம் வரியில இருக்கே அண்ணாச்சி! கம்பைலருக்குக் கண்ணு தெரியலையா?"

அதற்குள் தோணியை ஓட்டும் தண்டல் வந்துவிட்டார். "தண்ணி ஏறுனா ஒம்ம எஞ்சினியரா வந்து வாளியில அள்ளுவாவ?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் கம்ப்யூட்டர் திரைக்குக் குனிந்தேன். நான் இங்கிலீஷை வாசிக்கிறவன் இல்லை, படமாகப் பார்க்கிறவன். நாற்பதாம் வரிக்கு மேலே, 'இந்தப் பெயர் கொடுத்தால் மட்டும்' என்று சொல்லும் இஃப்டெஃப் பக்கத்தில் DHONI. கம்பைல் செய்ய அவள் அடித்ததில் THONI.

"ஏளா, ரெண்டு தோணிக்கும் மூக்கு வேறயா இருக்கே. ஒண்ணு தொப்பையத் தள்ளிக்கிட்டு நிக்கி, ஒண்ணு குடை புடிச்சிருக்கு."

பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள்! புரோகிராமை எழுதின காயல்பட்டினத்துக்காரர் இப்போது துபாயில். போனில் அவர் சொன்ன டியை இவள் இன்னொரு டியாக எழுதிக்கொண்டாள். தமிழில் ரெண்டும் ஒரே டிதானே!

அந்தப் பெயரைக் கொடுக்காவிட்டால், இஃப்டெஃப் முதல் எண்டிஃப் வரை உள்ளதைக் கம்பைலர் தாண்டிப் போய்விடுமாம். பெயர் கொடுக்காததைக் குற்றமாகவும் சொல்லாதாம். ஆகவே கோளாறு நாற்பதுக்கு மேலே, கூப்பாடு இருநூற்றுப் பன்னிரண்டில்.

புரோகிராமில் அந்த D-யை T ஆக்கியதும் எரர் போச்சு. தண்டல் போர்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் துறைமுகம் போனார்.

புரோகிராமின் தலைப்பில் எழுதியவர் பெயர் இருக்கிறது. திருத்தியவர் என்று அவள் பெயரும் ஏறிவிட்டது. "நீங்க கோட் எழுதலையே அண்ணாச்சி" என்கிறாள். எழுதவில்லைதான், கண்டுபிடித்தேன். மூன்றாவது வரியில் 'கண்டுபிடித்தவர்' என்று என் பெயர் வரவேண்டும். அந்த வரியைக் கம்பைலர் பார்க்காதாம். பார்க்காவிட்டால் போகிறது, ஆட்கள் பார்ப்பார்கள். என் பெயரின் எழுத்துகளை நானே வரைந்து தருகிறேன். போனில் கேட்டு எழுதவேண்டாம்.