தொட்டால் தெரிகிறவள்

எண்பதுகளின் நடுவில் நான் செம்பூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை, மாட்டுங்கா சர்க்கிள் நடைபாதைக் கடையில் பழைய இங்கிலீஷ் நாவல் ஒன்றை வாங்கினேன். அட்டையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வானத்தில் இரண்டு நிலா. அதற்காகத்தான் வாங்கினேன். என் இங்கிலீஷ் ஆபீஸ் கடிதங்களுக்குப் போதும், நாவலுக்குப் போதாது. ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் தலை வலித்துவிடும்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாமல் அண்ணன் வெல்டிங் வேலைக்குச் சவுதி போய்விட்டான். அப்பாவும் அம்மாவும் ஊரோடு போய்விட, அந்த அறையில் மதினியும் நானும்தான். பக்கத்துப் பட்டறையிலிருந்து தோல் கைப்பைகளை வாங்கி வந்து, மதினி உள்துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். சாயங்காலம் அவள் தைக்க, நான் அன்றைக்கு வாசித்ததைத் தமிழில் சொல்வேன்.

கதை எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நடக்கிறது. ஊர் முழுக்கக் கண்ணாடிக் கூரை. அங்கே சிலருக்கு அடுத்தவர் மனதில் இருப்பது தங்கள் மனதிலேயே தெரியும், தொட்டால் போதும். அவர்களுக்கு அந்தப் புத்தகம் வைத்திருந்த பெயர் எங்கள் ஆபீஸ் டிக்‌ஷனரியில் இல்லை. மதினி ஒரு பெயர் வைத்தாள்: “தொட்டாத் தெரியிறவ.” கதாநாயகி அப்படிப்பட்டவள். எல்லோருடைய வலியும் தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று எப்போதும் கையுறை போட்டிருப்பாள். ஒருத்தனுக்காக மட்டும் அதைக் கழற்றினாள். அவனை அரசாங்கம் சுரங்க வேலைக்கு வேறொரு கிரகத்துக்கு அனுப்பிவிட்டது.

மதினியின் ஊசி நின்றது. “அம்புட்டுத் தூரத்துல இருந்தா அவளுக்குத் தெரியுமாட்டி?”

“தெரியாது மதினி. கையெட்டுற தூரம் வரைக்குந்தான்னு போட்டிருக்கு.”

“இத எழுதுனவன் பொண்டாட்டிய விட்டுட்டு எங்கயும் போயிருக்க மாட்டான். அதான் இப்படி எழுதி வச்சிருக்கான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில், சவுதியிலிருந்து திரும்பிய ஒருவர் கையில் அண்ணன் தான் பேசிப் பதிந்த ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டிருந்தான். எதிர் வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிப் போட்டோம். தகரக் கூரையில் மழை அடித்ததால் இருவரும் அதன்மேல் காதை வைத்துக்கொண்டோம். நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, ரூமில் ஏசி இருக்கு என்றான். நடுவில் ஒரு ஜோக்கும் சொன்னான்.

“உங்கண்ணன் அழுதிட்டு வந்து பேசுதாவ,” என்றாள் மதினி.

“குரல் நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுதிருக்காவ.” திரும்பவும் போடச் சொல்லவில்லை. கேசட்டைச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் லீவில் வந்தபோது கறுத்து, பருத்து, யாரோ மாதிரி இருந்தான். அக்கம்பக்கத்தாருக்கு சோப்பும் செண்டும் கொடுத்தான். மதினியிடம் சரியாகப் பேசக்கூட அவனுக்கு வெட்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள், “அந்தக் கேசட்டுல பேசுனதுக்கு முன்னால எதுக்கு அழுதீய?”

அண்ணன் கை தட்டிலேயே நின்றது. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

பிறகு சொன்னான். கூட வேலை பார்த்த பையன் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்திருக்கிறான். அவன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டியது அண்ணன்தான். அன்றைக்குத்தான் கேசட்டிலும் பேசியிருக்கிறான். “நீ பயப்படுவன்னுதான் அந்த ஜோக்க சொன்னேன்,” என்றான். குழம்பு ஒட்டிய அந்தக் கையை மதினி அப்படியே பிடித்துக்கொண்டாள். நான் அங்கே இருப்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் சந்து முனையைத் தாண்டி மெயின் ரோட்டில் எந்த பஸ் வந்ததோ அதில் ஏறி, கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் சம்பளம் கேட்டார்கள், நிறம் பார்த்தார்கள், டைப்பிங் ஸ்பீடுகூடக் கேட்டார்கள். நல்லா இருக்கேன் என்று நான் சொல்லும்போது, இல்லை என்று கண்டுபிடிக்க உலகத்தில் ஒருவர் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை எந்தத் தரகரிடம் சொல்வது?

லீவு முடிந்து அண்ணன் மறுபடி போனான். இரண்டு வருஷம் கழித்து ஒரேயடியாகத் திரும்பி வந்து தாராவியிலேயே லேபர் கேம்ப் பக்கம் கிரில் பட்டறை போட்டான். அதற்குள் எனக்கும் கல்யாணமாகிவிட்டது. நல்ல மனிதர். முதல் மாதம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பிய என்னைப் பார்த்து, “தலை வலிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று பேப்பரைப் பிரித்தார். இன்னொரு தடவை கேட்பார் என்று, கையில் டம்ளரோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.