சின்னக்குழந்தை பட்டணத்தைக் கடந்த விதம்

சின்னக்குழந்தைக்குப் பயமா என்று ஜமுனாமரத்தூர் சந்தையில் யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். தேனெடுக்கப் போன இடத்தில் கரடியைக் கண்டு ஆண்பிள்ளைகள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியபோது, கையிலிருந்த தகர டின்னைத் தட்டித் தட்டியே அதை விரட்டியவள் அவள். அப்பேர்ப்பட்டவள்தான் மெட்ராசில் ஒரு ரோட்டோரம் வழி தெரியாமல் நின்று, கூழ்த் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். பயத்துக்கு ஆள் தெரியாது, அவ்வளவுதான்.

எண்பத்திரண்டாம் வருஷம், புளி உலுக்குகிற சமயம். அவள் புருஷன் வேடியப்பன் மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. டோலி கட்டி மலையிறக்கிப் போளூர் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வேலூர், வேலூரிலிருந்து மெட்ராஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மாடியில் கட்டில் கிடைத்தது. ஆனால் அது ஆண்கள் வார்டு. பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளைகள் உள்ளே இருக்கக் கூடாது. அதனால் வியாசர்பாடியில் ராணியம்மாள் வீட்டில் ஒண்டிக்கொண்டாள். ராணியம்மாள் போளூர்ப் பக்கத்துக்காரி. முன்பு மலைக்கு வந்து புளி வாங்கிப் போன பழக்கம்.

வியாசர்பாடி பட்டணத்தின் வடக்கே இருக்கிறது. ஆஸ்பத்திரியோ தெற்கே. நடுவில் இருக்கிற அத்தனை வண்டியையும் ஜனத்தையும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கடக்க வேண்டும். எதில் போவது என்று முதல் நாளே அந்த வீட்டில் பஞ்சாயத்து நடந்தது.

"பஸ்சுதான். இன்னா இருந்தாலும் வாசல்லயே கொண்டாந்து எறக்கி வுட்டுடும்" என்றாள் ராணியம்மாள்.

"அது போய்ச் சேர்றதுக்குள்ள வேடியப்பனுக்கு எலும்பு தானா ஒட்டிக்கும். ரயில்ல சென்ட்ரல் போய்ட்டு, அங்கேர்ந்து நடந்தா ஆச்சு" என்றான் அவள் புருஷன் லட்சுமணன். ரயிலில் பார்சல் ஏற்றுகிறவன் அவன். ரயிலைத் தவிர வேறெதையும் அவன் வண்டியென்றே ஒத்துக்கொள்ள மாட்டான்.

சின்னக்குழந்தை இரண்டிலும் ஏறிப் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் ராணியம்மாள் இறங்கிவிட்டாள். இவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படிக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ராணியம்மாள் ஓடிவந்து சேரும்வரை ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயிலில் ஒரு காலை வைத்தபோதே அது நகர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

"நா நடந்தே போய்ட்டு வர்றேங்கா. காலு எனக்கு அடங்கும். இதுங்க அடங்காது" என்றாள்.

மலையில் இருந்து செங்கம் சந்தைக்குத் தலையில் மூட்டையோடு இறங்கி ஏறுகிறவளுக்கு அது ஒரு தூரமா? வழி பழகிவிட்டது. பாலம், மரக்கடை, போலீஸ்காரர் நிற்கிற மேடை என்று அடையாளம் வைத்துக்கொண்டாள். ஆனால் பயம் போகவில்லை. தன் மேல் வண்டி ஏறிவிடும் என்றுகூட அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. நாம் தொலைந்துபோனால் அந்த மனுஷன் அங்கே கேட்க நாதியில்லாமல் கிடப்பானே என்பதுதான் அவள் பயம்.

அப்படி இருக்கையில் நர்ஸ் மங்கம்மாள் சொன்னாள்: "நாளைக்கி உன் வூட்டுக்காரருக்கு ஆபரேஷன். எட்டு மணிக்கு உள்ள இட்டுனு போய்டுவாங்க. அதுக்குள்ள வந்து நின்னுடு. ஆளு நடுங்கினு கெடக்குறாரு."

மறுநாள் விடியும்போதே கிளம்பினாள். "இன்னிக்கி ஒரு நாளாவது பஸ்சுல போயேன் புள்ள" என்று ராணியம்மாள் கெஞ்சினாள். கேட்கவில்லை.

பாலம் இறங்கி ரோடு பிரிகிற இடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் தினமும் போகிற ரோட்டின் நடுவில் பெரிய வேப்பந்தழை ஒன்று கிடந்தது. பச்சை வாடாத தழை.

மலையில் முன்னால் போகிறவர்கள், போகக் கூடாத பாதையின் குறுக்கே இப்படித்தான் பச்சைத் தழையை ஒடித்துப் போடுவார்கள். கரடி இருக்கும், தேனீ கலைந்திருக்கும், அம்மை கண்ட ஊராக இருக்கும். எதுவென்று யாரும் கேட்கமாட்டார்கள். தழையைத் தாண்டினால் கேடு, அவ்வளவுதான். பட்டணத்தில் யாரோ மூடியில்லாத சாக்கடைக் குழியில் வண்டி விழாமல் இருக்கத் தழையைச் செருகி வைத்திருந்தார்கள். அது இவளுக்கு எங்கே தெரியும்? லாரியும் ரிக்‌ஷாவும் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தன. இந்த ஜனங்களுக்கு எதற்குமே பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் இன்றைக்கு, அவர் உடம்பில் கத்தி வைக்கிற நாளில், தழையைத் தாண்டுவதா? பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டாள்.

ஒரு சந்து இன்னொரு சந்தில் விட்டது. கைவண்டி, மாடு, துணி மூட்டை. புரியாத பாஷையில் அதட்டல். திரும்பிப் பார்த்தால் வந்த வழி தெரியவில்லை. உள்ளங்கால் வேர்த்து வழுக்கியது.

"பெரிய ஆஸ்பத்திரி எங்கங்க?" என்று கேட்டாள். காட்டினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் அது வேறொரு ஆஸ்பத்திரி. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுதான் இருக்கும் என்று நம்பியிருந்தாள் பாவி. தன்னுடையதன் பேரை அவள் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மலையில் பாதையைத்தான் கேட்பார்கள், பேரை யார் கேட்டார்கள்?

அந்த ரோட்டோரம் நின்றுதான் அழுதாள். ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஆஸ்பத்திரி தொலஞ்சி போச்சிங்க."

அவர் சிரிக்கவில்லை. மாடியா, வாசலில் மரம் உண்டா, என்ன வைத்தியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்தார். வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேடியப்பா, வேடியப்பா என்று குலசாமியைக் கூப்பிட்டாள். புருஷனுக்கும் அதே பேர். யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மவுண்ட் ரோட்டில் பஸ் நின்றது. முன்னாலும் பின்னாலும் வண்டி. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டு, கண்டக்டர் கை காட்டிய பக்கம் இறங்கி ஓடினாள்.

மாடியேறிப் போனால் கட்டிலில் வேறு ஒரு ஆள் படுத்திருந்தான்.

போய்விட்டான் என்றே நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தவளை மங்கம்மாள் வந்து எழுப்பினாள்.

"வெராண்டால கெடக்குறாரு, போய்ப் பாரு. எவ்ளோ சொல்லியும் உள்ள வரமாட்டேன்னு கட்டிலப் புடிச்சினு ஒரே ரகள. அடுத்த ஆள எடுத்துனு போய்ட்டாங்க, கட்டிலயும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இனி அடுத்த வாரம்தான்."

வேடியப்பன் வெராண்டாவில் பாயில் கிடந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"இன்னாத்துக்கு மாமா இப்பிடிப் பண்ணே?"

"நீ மலைக்கே போய்ட்டேன்னு நெனச்சேன் புள்ள."

"உன்ன வுட்டுட்டா?"

"இந்த ஊருன்னா உனக்கு எவ்ளோ பயம்னு எனக்குத் தெரியாதா? நானா இருந்தா போயிருப்பேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. உடனே அழுகையும் வந்தது. கூழ் பாதி சிந்திப்போயிருந்தது. மீதியை ஊட்டினாள். அவன் அவள் கையை விடாமலே குடித்தான்.

அன்றைக்கு அவள் வியாசர்பாடிக்குத் திரும்பவில்லை. பஸ்ஸும் வேண்டாம், ரயிலும் வேண்டாம், நடையும் வேண்டாம். ஆஸ்பத்திரி மதிலோரம் பிளாட்பாரத்தில் இவளைப் போல எத்தனையோ குடும்பங்கள் கல்லடுப்பு வைத்துக்கொண்டு கிடந்தன. அதில் ஒரு ஆள் படுக்கிற இடத்தைப் பிடித்தாள். தேடி வந்த ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்து பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பியபோது, "கீழதான் இருப்பேன். பயமா இருந்தா கூவு" என்று அவனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். மலைச்சரிவில் ஒரு கொல்லைக்காட்டிலிருந்து இன்னொன்றுக்கு மலைக்காரர்கள் கூவிக்கொள்வது வழக்கம்தான். பட்டணத்தில் எவன் கூவுவான் என்று நினைத்தபடியே முந்தானையை விரித்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் மாடியிலிருந்து 'கூ' என்று வந்தது. இவளும் கூவினாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை வந்தது. மேலே மங்கம்மாள் அதட்டுவது கேட்டது. இருந்தும் பதில் கொடுத்தாள்.

அப்புறம் சத்தம் இல்லை. தூங்கியிருப்பான். தலைமாட்டில் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. யார் யாரோ அவளைத் தாண்டிக்கொண்டு நடந்தார்கள். மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, மாடியைப் பார்த்து அவளே கூவினாள்.