வசந்தா அம்மா செய்யாத அழைப்பு

செவ்வாய்க்கிழமை காலை பட்டாபிராமிலிருந்து ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் துரைராஜ் அழைத்தார். "வசந்தா அம்மா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." அந்த அம்மாவோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்ற மனிதர் அவர்.

பேராசிரியை வசந்தா அம்பத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவர். குண்டுவெடிப்பு அச்சம் எழும்போது தெருவையே வளைத்துப் பிடிப்பதா, சோதனைச்சாவடி போடுவதா, சத்தமில்லாமல் கண்காணிப்பதா என்பதைக் கணித மாதிரிகளால் ஒப்பிட்டுக் காவல்துறைக்குச் சொல்லிவந்தார். செய்தியாளனாக நான் அவரை அறிந்தது அப்படித்தான்.

முதல் முறை அவர் கணக்கு தவறியது. வளைக்கலாம் என்றார், அம்பத்தூரில் வாடகை அறைகள் நிறைந்த ஒரு தெருவில் எல்லோரையும் அள்ளிச் சென்றார்கள். அதன்பின் அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஆபத்து குறைந்ததாக வசந்தா குறித்துக்கொண்டார். சில மாதம் கழித்து அவரும் நானும் அங்கே போனபோது டீக்கடைக்காரர் சிரித்தார். "இன்னாம்மா பேசுற? துப்பு சொன்னவனையும் சேத்து இஸ்துகினு போனாங்க. இனிமே எவன் வாயத் தொறப்பான்?"

மறுநாளே, தன் பெயர் போட்டு வெளியிடச் சொல்லி வசந்தா என்னிடம் எழுதித் தந்தார்: "மக்கள் வாய் மூடியதை நான் பாதுகாப்பு என்று கணக்கிட்டேன். பிழை என்னுடையது."

பிறகு வெள்ளானூர். மின்சார ரயிலில் வைப்பதற்காக அங்கே ஏதோ ஓர் அறையில் வெடிபொருள் தயாராவதாக ஒரு நாள் அதிகாலையில் தகவல். ஊரையே வளைக்கத் துரைராஜ் துடித்தார்.

"வளைச்சா, சொல்ல வர்றவங்களும் சொல்ல மாட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் குடுங்க" என்றார் வசந்தா.

"அதுக்குள்ள வெடிச்சா?"

"பழிக்கு என் பேரப் போடுங்க."

"உங்க பேரப் போட்டா செத்தவன் எழுந்து வருவானாம்மா?"

மேலதிகாரி சாயங்காலம் வரை அவகாசம் தந்தார். சாதாரண உடையில் காவலர்கள் வெள்ளானூரிலும் ரயில் நிலையங்களிலும் நின்றார்கள்.

அச்சிடக் கூடாது என்ற நிபந்தனையோடு நானும் அவர்களுடன் இருந்தேன். வசந்தாவின் மகன் அருண் தினமும் மின்சார ரயிலில்தான் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போவார். "தம்பிக்கு போன் போட்டு பஸ்ல போகச் சொல்லுங்களேன்" என்றேன்.

"கூட வர்றவங்களுக்கு யார் போடுறது?" கைப்பேசியைப் பையில் வைத்து மூடினார். ஒவ்வொரு ரயிலும் நிலையம் சேர்ந்ததாகச் செய்தி வரவர, நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெண் காவல்துறையை அழைத்தார். "மாடி ரூம்ல ரெண்டு பேரு மூட்டைய மாத்திகினு கீறானுங்க. எம்பேர மட்டும் கேக்காத சார்." இருவரும் வெடிபொருளோடு பிடிபட்டார்கள். துரைராஜ் கைகூப்பினார்.

"ஒரு தடவை சரியா வந்ததால கணக்கு சரின்னு ஆயிடாது" என்றார் வசந்தா.

செவ்வாயன்று வசந்தாவின் உடலருகே உட்கார்ந்து, அன்று மகனைக்கூட அவர் அழைக்காததைத் துரைராஜ் சொன்னபோதுதான் அருணுக்கே விஷயம் தெரிந்தது.

"சொல்லிருந்தா கூட வர்ற பசங்களுக்குச் சொல்லிருப்பேன் சார். அவனுங்க ஊருக்கே சொல்லிருப்பானுங்க. அம்மாவுக்கு என்னைத் தெரியும்." சிரிக்க முயன்றார். "இருந்தாலும்..."

எழுந்து, பாடையின் முன்பக்கத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பின்பக்கத்தைத் துரைராஜ் பிடித்தார்.

நல்லபடியாகப் போங்கள், அம்மா.