கொழும்புக்குப் போன நிழல்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் இருந்த ராஜ்யத்துக்குத் திருவிதாங்கூர்-கொச்சி என்று புதுப்பெயர் வந்திருந்தது. அப்போது நான் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்கு இருந்தேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காமிராப் பெட்டியையும் அதன் மூன்றுகால் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போட்டோக்காரர் பின்னால் நடக்க வேண்டும். அவர் சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

எனக்கு முப்பது வயதிருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன், புனலூர்ப் பக்கம் ரப்பர்ப் பால் எடுத்தேன், ரயில் பாதையில் கல் போட்டேன். எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் கால் தரிக்காது. திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் தங்க இடமில்லாமல் கடற்கரைகளில்தான் படுத்தேன். ஒரு கரையில் போலீஸ்காரர் விரட்டினால் அடுத்த கரை. அப்படியே தெற்கே விழிஞ்ஞம்வரை எனக்கு மணல் பழக்கமாகிவிட்டது.

ஆரியசாலையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் படம் எடுத்தோம். கல்யாணப்பெண் அவருடைய தங்கை மகள். தகப்பனார் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. தாய்மாமனான முதலாளிதான் முன்னின்று நடத்தினார். பெண்ணின் அம்மாவை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். கைம்பெண் மங்கல காரியத்தில் முன்னால் வரக் கூடாது, கல்யாணப் படத்தில் நிற்கவே கூடாது. அன்று நாங்கள் எடுத்த எந்தப் படத்திலும் அவர் இல்லை.

பெண்ணுக்கு ஒரே ஓர் அண்ணன். கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அங்கே போகவர பர்மிட் கெடுபிடி வந்துவிட்டது. வந்தால் திரும்பிப் போக முடியுமோ முடியாதோ என்று கல்யாணத்துக்கு வரவில்லை. பதிலுக்கு ஒன்று கேட்டிருந்தார். கடலுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், கடலுக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாராம்.

கல்யாணத்துக்கு மறுநாள் சாமான்களை எடுக்கப் போனபோது, பந்தலில் பெண்ணே எனக்கு இலை போட்டுச் சோறு வைத்தது. மெதுவாகக் கேட்டது.

"அண்ணாச்சி, ஆள் நடமாட்டம் இல்லாத கடல் ஏதாம் உண்டா?"

"எதுக்கு?"

"அண்ணன் எல்லாரும்னு எழுதியிருக்கு. அம்மை இல்லாம என்ன எல்லாரும்? நாலு பேரு பாக்க அம்மை நிக்க மாட்டா. ஆருமே இல்லைன்னா நிக்கேன்னு சொல்லியிருக்கா. மாமாகிட்ட சொல்லிராதீங்க கேட்டேளா."

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பாடு. இடையில் இருந்தது ஒரே ஞாயிற்றுக்கிழமைதான். என்னிடம் அதுவரை யாரும் ஓர் இடம் சொல்லும்படி கேட்டதில்லை. இடத்தைக் காலி பண்ணு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

போட்டோக்காரர் சங்குமுகத்தை முடிவு செய்து வைத்திருந்தார். "வண்டி நேரா போகும், கல் மண்டபம் இருக்கு, வேற என்ன வேணும்வே உமக்கு?" என்றார். சங்குமுகத்தில் சாலைக் கடைத்தெருக்காரர்கள் பாதிப் பேர் காற்று வாங்குவார்கள். தவிர அங்கேதான் ஊரே இறந்தவர்களுக்குப் பலி போட்டுத் திதி கொடுக்கிறது. அந்த அம்மாவின் கணவருக்கும் அங்கேதான் பிண்டம் கரைத்திருப்பார்கள். கல்யாணக் கோலத்தில் அங்கே நிறுத்தலாமா என்று நான் கேட்டதும் போட்டோக்காரர் யோசித்தார். பூந்துறையில் கருவாடு காயும். விழிஞ்ஞத்தில் படகுகள் நெருக்கியடிக்கும். படத்துக்கு அழகாயிருக்கிற கரை விடிகாலையில் அழகாயிருக்காது என்பது அங்கே படுத்து எழுந்தவனுக்குத்தான் தெரியும். ஊர் முழுக்க ஒதுங்குவது அங்கேதான்.

கோவளத்தைச் சொன்னேன். அப்போது அங்கே யாரும் வேடிக்கை பார்க்கப் போவதில்லை. வளைந்த கரை, இரண்டு பக்கமும் கறுப்புப் பாறை, அலை வந்து வந்து மணலைக் கழுவிவிட்டுப் போகும். முதலாளி, "சாயங்காலம் போவோம், திருச்செந்தூர்ல சாயங்காலம் கடல் எப்படியிருக்கும் தெரியுமா!" என்றார். "அது கிழக்குக் கடல் முதலாளி. இங்க சாயங்காலம் சூரியன் கடல் பக்கம், எடுத்தா எல்லாரும் காக்கா மாதிரி கறுப்பா விழுவீங்க" என்று போட்டோக்காரர் அவரை அடக்கினார். காலை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை நடந்தே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். அந்தக் கரையில் வலை இழுக்கிறவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்க மாட்டார்கள், காலையில் எல்லோரும் மாதா கோயிலில் இருப்பார்கள். தென்னைக்கு மேல் வெயில் ஏறும் நேரத்தில் கரையில் ஈ, காக்கா இருக்காது என்று கணக்குப் போட்டேன். பெண்ணுக்குத் தைரியமாகச் சொல்லியும் அனுப்பினேன்.

முதலாளியின் பழைய காரில் அவர், அவர் மனைவி, பெண், மாப்பிள்ளை, அம்மா, போட்டோக்காரர். காமிராப் பெட்டியைப் பின்னால் கட்டிவிட்டு நான் ஸ்டாண்டை அணைத்துக்கொண்டு படியில் நின்றேன். அம்மா கூட வருவது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "கடல் பாக்க ஆசைப்படுதா, வந்துட்டுப் போட்டும்" என்று அவர் மனைவி சமாளித்தார்.

கரை நான் சொன்னபடியே வெறிச்சென்று கிடந்தது. போட்டோக்காரர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்வே, நல்ல இடம்" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது. ஸ்டாண்டின் கால்கள் மணலில் இறங்காமல் இருக்கத் தென்னமட்டையை வெட்டி அடியில் வைத்தேன். தென்னை நிழல் விலகட்டும் என்று காத்திருந்தோம். அம்மா மெல்லப் பெண்ணின் பக்கம் வந்தார்.

அப்போதுதான் மணி அடித்தது. கோயில் முடிந்துவிட்டது. அவர்கள் கோயிலுக்குப் போவார்கள் என்று கணக்குப் போட்டவன், கடற்கரை வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று போடவில்லை. வெள்ளை முண்டும் சட்டையுமாக ஆண்கள், தலையில் துணி போட்ட பெண்கள், பின்னால் பிள்ளைகள். வந்தவர்கள் வந்தபடியே வளைத்து நின்றுவிட்டார்கள்.

"சினிமா பிடிக்குந்நதோ?" என்றார் ஒருவர், சினிமா எடுக்கிறோம் என்று நினைத்து.

"கல்யாணம், கல்யாணம். கண்டில்லே பட்டுசேலை" என்றாள் ஒருத்தி.

திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. தெற்கே பாறைக்குப் பக்கத்தில் போய், முந்தானையை இழுத்து மூடி, ஒரு சின்னக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பெண் போய்க் கூப்பிட்டது. வரவில்லை. திரும்பி வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நின்றது, கண் நிறைந்துவிட்டது.

"பெண்ணு எந்தினா கரயுந்நே?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். ஏன் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவளும் எட்டிப் பார்த்தாள்.

"எடும்வே, நேரம் போகுது" என்றார் முதலாளி.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணாச்சி, தலையை எடும்" என்றேன். அவர் எடுத்ததும் ஸ்டாண்டைக் காமிராவோடு தோளில் தூக்கினேன். நேரே தெற்கே நடந்து, பாறைக்கும் அலைக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான மணலில், அந்த அம்மாவுக்கு நேர் எதிரே ஊன்றினேன்.

"என்னவே செய்யுதீரு!" என்று கத்திக்கொண்டு வந்தார் போட்டோக்காரர்.

"வெளிச்சம் இங்கதான் நல்லாருக்கு" என்றேன்.

அவர் காமிராவைப் பார்த்தார். கல்லில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றோடு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். வேலை போவது எனக்குப் புதிதல்ல, அதனால் அப்படியே நின்றேன். அவர் திரும்பி உரக்கச் சொன்னார்.

"முதலாளி, இங்க வரணும். பாறையில பட்டு வெளிச்சம் திரும்பி அடிக்குது. அங்க நின்னா முகம் விழாது."

கறுப்புப் பாறை எந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்! ஆனால் படம் பிடிக்கிறவர் சொன்னால் மறுத்துப் பேச யாருக்குத் தெரியும்?

அம்மா பதறி எழுந்தார். அதற்குள் மாப்பிள்ளை வந்து, பட்டு வேட்டியோடு அவர் காலடி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் முடிந்து மூன்று நாளில் அந்த மனிதர் பேசி நான் கேட்டதே இல்லை.

"உக்காருங்க அத்தை. வெளிச்சம் இங்கயாம்" என்றார்.

பெண் ஓடிவந்து மறுபக்கம் உட்கார்ந்தது. முதலாளியின் மனைவி வந்து நின்றார். முதலாளி மட்டும் தள்ளி நின்று கூட்டத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, "என்னவும் செய்யுங்க" என்று வந்து தங்கைக்குப் பின்னால் நின்றார். நின்றவர் அவர் தோளில் கையையும் வைத்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஸ்டாண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். படம் விழுந்தது.

பிரதி போட்டபோதுதான் தெரிந்தது. வெயில் எங்கள் முதுகுக்கு நேரே இருந்திருக்கிறது. ஒடுக்கமான இடம் என்பதால் விலகி நிற்கவும் வழியில்லை. படத்தின் அடியில் காமிராவின் மூன்று காலும், பக்கத்தில் ஸ்டாண்டைப் பிடித்தபடி நானும் நீள நிழலாக விழுந்து, அம்மாவின் காலடிவரை போயிருந்தோம். கடல் ஒரு ஓரத்தில் கொஞ்சம்தான் தெரிந்தது. "உம்ம வெளிச்சத்தைப் பாரும்" என்று போட்டோக்காரர் சிரித்தார். அடிப்பக்கத்தை வெட்டிவிடலாம் என்றார்.

நான் ஆரியசாலைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். நிழலின்மேல் விரலை வைத்து, "இது ஆரு?" என்றார்.

"நான்தான் அம்மா. வெட்டிரலாம்."

"எதுக்கு வெட்டணும்? எல்லாரும்னுதானே பிள்ளை கேட்டான். கிடக்கட்டும்."

அப்படியே அனுப்பினார்கள். அடுத்த மழைக்காலத்தில் நான் ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு பல ஊர், பல வேலை. எத்தனையோ பேருக்குப் படம் எடுக்க ஸ்டாண்டைப் பிடித்திருக்கிறேன், என்னை யாரும் எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. கடல் தாண்டிப் போக எனக்கு எந்தக் காலத்திலும் பர்மிட் கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் கொழும்பில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில், நான் பார்த்து வைத்த இடத்தில், ஒரு தாயின் காலடியில் என் நிழல் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், எங்கே படுத்திருந்தாலும் கொஞ்சம் நிமிர்ந்து படுத்துக்கொள்கிறேன்.