பினா போட்ட இரண்டாவது நாற்காலி

அன்று விடாத மழை. கர்மேல் மலைச் சரிவில் இருக்கும் எங்கள் நினைவு இல்லத்துக்கு வரவேண்டிய பள்ளிக்கூடப் பேருந்து பாதி வழியில் நின்றுபோனது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் கதையைச் சொல்ல வருகிற மல்காவும் ஃப்ரிடாவும் கூடத்து மேடையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். மல்கா முத்துமாலை போட்டிருந்தார். ஃப்ரிடா உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார். பிள்ளைகள் வரப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

பினா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு நான் சமைக்கிற அடுக்களைக்கு வந்தாள்.

"சோஹாரா, கையக் கழுவிட்டுக் கூடத்துக்கு வா."

"சூப் அடுப்புல இருக்கு."

"சூப் எங்கயும் ஓடாது. வா."

தோட்டக்காரர், வாசல் காவலாளி, கணக்குப் பார்க்கிற பெண், குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று எல்லாரையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். குழாய்க்காரர் மடியில் திருகு சாவியோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் எப்போதும் போலப் பேசினார்கள். முடியும்போது குழாய்க்காரர் எண்ணெய்த் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.

மல்கா கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பினா, இந்த வருஷம் பசங்க வயசுக்கு மீறி வளந்துட்டாங்க."

"மழையில நனைஞ்சா அப்படித்தான் வளருவாங்க" என்றாள் பினா.



எங்கள் இல்லத்தில் தொண்டர்களையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது பினாவின் வேலை. பெரியவர்கள் என்று நாங்கள் சொல்வது நாஜிகளிடமிருந்து உயிர் தப்பி வந்தவர்களை. பினா காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுப்பாள். தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா, டாக்ஸி எப்போது வரட்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். உள்ளே இருந்த கேள்வி வேறு. அது அவர்களுக்கும் தெரியும். ஒரு தாத்தா போனை எடுத்ததும், "இருக்கேன், இருக்கேன், வை" என்று சொல்லி வைத்துவிடுவார்.

பெரியவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். தொண்டர்கள்தான் அவளை வாட்டினார்கள். பேச வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டர் துணை. எல்லாருக்கும் மல்காவுக்குத் துணையாக இருக்கத்தான் ஆசை. எரிந்து விழுகிற தாத்தாவுக்கு ஆள் கிடைக்காது. ஒருத்திக்குக் கூடத்தில் குளிரும், இன்னொருத்திக்குப் புழுங்கும். போன வாரம் தன்னைக் கேட்காமல் தன் நாளை மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் வந்து அழுவார். பினா கேட்டுக்கொண்டே இருப்பாள். மேசைக்கு அடியில் அவளுடைய தடித்த காலணி ஜோடி எப்போதும் கிடக்கும். பெரியவர்களை அடக்கம் செய்யும்போது கல்லறைக்குப் போவதற்காக வைத்திருந்தது. மழைக்காலத்தில் அதன் சேறு காய்ந்து நான் பார்த்ததில்லை.

மதியம் அடுக்களையில் என் எதிரே வந்து உட்காருவாள். நான் பிரார்த்தனைக்கு வைத்திருக்கும் சங்கீதப் புத்தகத்தை மூடுவேன்.

"அதுல என் பேரையும் சேத்துக்க" என்பாள்.

"நீயே ஒரு தடவை கடவுள்கிட்டப் பேசலாமே."

"காலையிலேருந்து எல்லாருக்கும் போன் போட்டாச்சு. இனிமே யார்கிட்டயும் என்னால பேச முடியாது. நீயே சொல்லு."

நான் சொல்லத்தான் செய்தேன். தினமும்.

மல்கா பதினாறு வயதில் நாஜி வதைமுகாமில் இருந்தவர். அவருக்கும் அக்கா இலோன்காவுக்கும் சேர்த்து ஒரே ஒரு கரண்டி. அக்கா அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். அவர்களைப் பிரித்த அன்று அந்தக் கரண்டியைக் கழற்றி மல்காவின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. மல்கா இதைச் சொல்லும்போது கூடத்தில் ஒரு செருமல்கூடக் கேட்காது.

ஃப்ரிடா முகாமுக்குப் போகவில்லை. சுலோவாக்கியாவில் ஒரு குடியானவர் வீட்டின் உருளைக்கிழங்குக் குழியில் எட்டு வயதில் ஒளிந்திருந்தவர். எங்கள் பெரியவர்களுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வரிசை உண்டு. முகாமிலிருந்து வந்தவர்கள் முன்னால். காட்டிலும் மடத்திலும் குழியிலும் கிடந்தவர்கள் பின்னால். ஃப்ரிடா மேடையில் ஆரம்பிப்பதே, "நான் முகாமுக்கெல்லாம் போகலை" என்றுதான், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல. மல்கா பேசி மிச்சம் வைத்த நேரத்தில் குழியில் கிடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். மல்கா பேசும்போது சில நாள் ஃப்ரிடா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருப்பார். சத்தமே இல்லாமல் தோள் குலுங்கும். பாட்டி சிரிக்கிறார் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அது பதட்டம் என்று பினா சமாளிப்பாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஹனுக்கா பண்டிகை முடிந்த வாரம் மல்கா இறந்துபோனார். பினாவின் காலணி மறுபடி சேறானது. துக்கம் காத்த ஏழு நாளும் முடிந்த பிறகு, கூடத்தைப் பெருக்குகிறவர் மேடையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் பின்கட்டில் போட்டுவிட்டார். இனி ஒருவர்தானே.

அடுத்த வியாழக்கிழமை, பிள்ளைகள் வருகிற நாளில், ஃப்ரிடா தனியாக உட்கார்ந்தார். குழியைப் பற்றிச் சொல்லி முடித்தார். நேரம் மிச்சமிருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஃப்ரிடா பக்கத்தில் திரும்பினார். அங்கே யாரும் இல்லை.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா" என்று ஆரம்பித்தார். "பேரு இலோன்கா."

கரண்டிக் கதை முழுக்க வந்தது. மல்கா சொல்வது போலவே, மல்கா நிறுத்துகிற இடங்களில் நிறுத்தி. கூடத்தில் ஒரு சத்தமில்லை. முன்வரிசையில் பினா அசையாமல் இருந்தாள். அடுத்த வாரமும் அதே கதை வந்தது.

தொண்டர்களில் நகூம் என்று ஒருவர். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் அவரை வாத்தியார் என்பார்கள். அவர் அடுக்களைக்கு வந்து பினாவின் முன் நின்றார்.

"ஃப்ரிடா ஒத்தப் பிள்ளை. அக்காவே கிடையாது."

"தெரியும்."

"பசங்க இப்பல்லாம் உக்காந்த இடத்துலயே போன்ல தேடிப் பாக்குறாங்க. ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா மொத்தமும் பொய்யின்னு சொல்ல வெளியில ஆள் காத்துட்டிருக்கு."

"தெரியும் நகூம்."

"அப்ப அவங்களை மேடையில ஏத்தாதீங்க."

"வியாழக்கிழமை அவங்க வேற எங்க போவாங்க?"

நகூம் தேநீரைக் கலக்கினார். "அது என் கேள்வி இல்ல."

"ஆமா. அது எனக்குன்னே வர்ற கேள்வி."

நகூம் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஃப்ரிடாவுக்குப் பிள்ளைகள் இல்லை, கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வியாழக்கிழமைக்காகப் புதன்கிழமையே முடிதிருத்தும் கடைக்குப் போய் வருகிற மனுஷி. அந்த ஒரு நாளையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பினாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று ஃப்ரிடா கிளம்பும்போது கோட்டு மாட்டுகிற இடத்தில் பினா மெதுவாகச் சொன்னாள். "ஃப்ரிடா, இலோன்கா மல்காவோட அக்கா."

"எனக்குத் தெரியாதா?"

"அப்ப பிள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லிடுங்க."

"நீ என்னைப் பொய்க்காரிங்கற."

"நான் சொல்லலை."

"வாத்தியார் சொன்னார். நீ கேட்டுக்கிட்டே. டாக்ஸிய வரச்சொல்லு, பினுஷ்கா."

மறுநாள் காலை ஃப்ரிடா போனை எடுக்கவில்லை. பினா திரும்பத் திரும்ப அழைத்தாள். கடைசியில் அடுக்களைக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சோஹாரா, உன் மீனை ஒரு டப்பாவுல போடு. நீயும் வா. உன் குரல் கேட்டா கதவைத் திறப்பாங்க."

வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்து ஓய்வுநாளான சப்பாத் தொடங்குமுன் நான் வீடு சேர வேண்டும். பேருந்தில் பினா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை.

கதவைத் தட்டி, "என் உயிரே, நான் சோஹாரா. மீன் ஆறிப்போகுது" என்றேன். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. பினாவின் தோள் அப்போதுதான் இறங்கியது.

ஃப்ரிடா தலை சீவாமல் இருந்தார். திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார். பினாவைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். "இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

"அவதான் என்னைக் கூட்டிட்டு வந்தா."

"செத்துட்டேனான்னு பாக்க வந்திருக்கா. கல்லறைக் காலணியைப் போட்டுக்கிட்டு வந்திருக்காளா பாரு."

"இல்ல" என்றாள் பினா. "நல்ல செருப்புதான்."

நான் மீனைத் தட்டில் வைத்தேன். எங்கள் மொராக்கோ பக்கத்துச் சமையல், சிவப்பு மிளகாயும் பூண்டும் கூடுதல். ஃப்ரிடா ஒரு வாய் எடுத்தார்.

"மல்கா பேசினா ஒரு பய மூச்சு விடமாட்டான். நான் பேசினா சூரியகாந்தி விதை கொறிக்கிறான். என்னோடது ஒரு கதையா? குழியில உக்காந்திருந்தேன். எழுந்து வந்தேன். அவ்வளவுதானே. நான் போனா என் குழியும் போகும், அவ கரண்டியும் போகும். குழி போகட்டும். கரண்டி போகலாமா?"

"ரெண்டும் போகக் கூடாது" என்றாள் பினா. "அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

ஃப்ரிடா இன்னொரு வாய் எடுத்தார். சட்டென்று கையால் வாயைப் பொத்திக் குனிந்தார். தோள் குலுங்கியது, மேடையில் குலுங்குவது போலவே. சத்தமில்லை.

"நான் சொன்னதுல சிரிக்க என்ன இருக்கு?" பினாவின் குரலில் அலுப்பு.

ஃப்ரிடா நிமிர்ந்தார். கண்ணில் நீர் வழிந்தது. "யாரு சிரிச்சா? இருமறேன். இந்த மொராக்கோக்காரி மீனுல நெருப்பை வச்சிருக்கா."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார். "தலைக்கு மேல பலகை. பலகைக்கு மேல சிப்பாய்ங்க பூட்ஸ். கிழங்குத் தூசியில எனக்கு எப்பவும் இருமல் வரும். அந்த வீட்டுக்காரி வாயில வச்சுக்க ஒரு கந்தத் துணி கொடுத்தா. குளிர்காலம் முழுக்க அதை வச்சு இருமினேன். அப்புறம் துணியே தேவைப்படலை. இப்ப சத்தமா இருமுன்னு நீ சொன்னாக்கூட எனக்கு வராது."

பினா நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதை மேடையில சொன்னதே இல்லையே" என்றாள் பிறகு.

"நீங்க யாரும் கேட்டதில்லை. மல்கா முடிக்கும்போதே பஸ்ஸு வந்து நிக்கும்."

"நான் முதல் வரிசையிலதான் உக்காந்திருந்தேன், ஃப்ரிடா."

"உக்காந்திருந்தே. பாவம், உனக்கும்தான் எத்தனை பேரு."

பொழுது சாயப் போகிறது என்று நான்தான் எழுந்தேன். வாசலில் ஃப்ரிடா என்னிடம், "அடுத்த தடவை மிளகாய் குறைச்சுப் போடு" என்றார். அந்த அடுத்த தடவையைக் கேட்டுப் பினா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். 

அடுத்த வியாழக்கிழமை பினா பின்கட்டிலிருந்து மல்காவின் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். எதிரே வந்த நகூம் எதுவும் கேட்காமல் வாங்கி மேடையில் போட்டார்.

"அது யாருக்கு?" என்றார் ஃப்ரிடா.

"மல்காவுக்கு. கரண்டிக் கதையைச் சொல்லணும்னா எழுந்து அங்க போங்க. அவங்க பேரைச் சொல்லிட்டுச் சொல்லுங்க. இந்த நாற்காலியில இருக்கிறவரைக்கும் உங்க கதைதான்."

"அவ இடத்துல உக்காந்தா திட்டுவா."

"திட்டட்டும். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்."

அன்று முகாமைப் பற்றிய மன்னிப்பு இல்லை. ஃப்ரிடா குழியில் தொடங்கினார். துணியைப் பற்றிச் சொன்னார். பிறகு, எப்படி இருமுவேன் என்று காட்டினார். வாயைப் பொத்திக் குனிந்தார், தோள் குலுங்கியது. கடைசி வரிசைவரை ஒரு விதை கொறிக்கிற சத்தம் இல்லை. முடிந்ததும் எழுந்தார். நகூம் கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

"இது மல்கா ரோத்தோட இடம். அவளால வர முடியலை. அவளுக்கு ஒரு அக்கா இருந்தா."

எல்லா வாரமும் அப்படி நடக்கவில்லை. முழங்கால் வலிக்கிற நாளில் ஃப்ரிடா எழுந்திருக்கமாட்டார். பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "மல்கா இன்னிக்கு வரலை" என்று சொல்லி முடித்துக்கொள்வார். ஆனால் இலோன்கா என் அக்கா என்று பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

பினாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவர் படியேறக் கூடாது என்றார். எங்கள் இல்லமோ படிகளின் மேலேதான் இருக்கிறது. அடுத்த கோடையில் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே மகள் வீட்டுக்குப் போனாள். தொண்டர்கள் கேக் வெட்டினார்கள். யார் வெட்டுவது என்பதில்கூட ஒரு சண்டை வந்தது. மறு வருஷம் பெசாக் பண்டிகைக்கு முன்னால், பினா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அவள் மகள் போன் செய்தபோது நான் அடுக்களையைப் பண்டிகைக்காகக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு அப்படியே நின்றேன். அவள் பேரை இப்போதும் சங்கீதத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறேன். அது போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

கடைசியாக நான் அவளைப் பார்த்தது அவள் வேலையை விட்ட அன்று, மலைக்குக் கீழே பேருந்து நிறுத்தத்தில். கையில் ஒரு பையும் அந்தச் சேற்றுக் காலணியும். அதைக் குப்பையில் போடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள், போடவில்லை. பேருந்து வந்து நின்றது. ஏறுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் இடத்துக்கு ஒரு சின்னப் பொண்ணு வரப்போகுது. அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஃப்ரிடா தோள் குலுங்கினா அது சிரிப்பு இல்லைன்னு நீ சொல்லிடு. தண்ணி மட்டும் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடு."